மொழிபெயர்ப்பு வருமானத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைச் சுயதொழிலாகக் கொண்ட இளைஞர்கள் பலர், வீட்டுக்கடன் பற்றிக் கேட்பதற்காக என்னைத் தேடி வருகிறார்கள். நாங்கள் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கெடு தவறுவது, எழுத்துப்பிழையோடு அனுப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் வாடிக்கையாளரே கற்றுக்கொடுத்துவிடுவார். நன்றாக உழைத்து நல்ல வருமானமும் ஈட்டுபவர்கள், வீடு என்று வரும்போது எங்கே சறுக்குகிறார்கள் என்பதையே எழுதுகிறேன்.

தமிழ்ச் சொற்களை எண்ணிக் கூலி பேசுவது

ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் துணைவினைகளும் இடைச்சொற்களும் தமிழில் உருபாகவும் விகுதியாகவும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், தமிழாக்கத்தின் சொல் எண்ணிக்கை மூலத்தைவிடக் குறைந்துவிடும். ஆகவே மூலத்தின் சொல் எண்ணிக்கைக்கே விலை பேச வேண்டும். டிராடோஸ், மெமோக்யூ போன்ற மென்பொருள்களில் வேலை தரும் நிறுவனங்கள், பழைய மொழிபெயர்ப்போடு ஓரளவு ஒத்துப்போகும் வாக்கியங்களுக்குத் தள்ளுபடி கேட்பார்கள். எவ்வளவு ஒத்துப்போனால் எவ்வளவு தள்ளுபடி என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது

மற்ற தவறுகளைப் பொறுமையாக விளக்கிவிடுவேன். இதைக் கேட்டால் மட்டும் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தாமாகச் செய்வதில்லை. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்துகொடுப்பவர் "கொஞ்சமாகக் காட்டிக்கொள்ளலாம்" என்று சொல்ல, இவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்க்கும் தம்பி ஒருவர், கணினி, இணையம், மென்பொருள் உரிமம் எல்லாம் போக ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஈட்டிவந்தார். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு நிதியாண்டுகளிலும் அவருக்காகத் தாக்கல் செய்யப்பட்ட படிவத்தில் இருந்தது 4 லட்சத்து 20 ஆயிரம். பின்னர் தாம்பரம் பக்கம் 48 லட்ச ரூபாயில் ஓர் அடுக்ககத்தைப் பார்த்து, முன்பணமும் பேசிவிட்டு வங்கிக்குப் போனார். சுயதொழில் செய்பவரிடம் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்க முடியாது. கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிப் படிவத்தைத்தான் கேட்கும். மாதம் 35,000 ரூபாய் வருமானம் உள்ளவர் என்று கணக்கிட்டு, அதில் பாதியைத் தவணையாகக் கட்டலாம் என்று வைத்தால், 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம்தான் கடன் தேறும். அவருக்குத் தேவைப்பட்டதோ 38 லட்சம். பத்து லட்சத்தை உள்ளபடி காட்டியிருந்தால் அந்தக் கடன் தாராளமாகக் கிடைத்திருக்கும். தமது வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வந்து விழும் பணத்தை எடுத்துக்காட்டி அவர் மன்றாடியபோது, அப்படியானால் அரசிடம் ஏன் வேறு தொகையைச் சொன்னீர்கள் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் கிடையாது.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் புதிய வரி முறையில் பத்து லட்சத்தை முழுதாகக் காட்டியிருந்தால் அவர் கட்டியிருக்க வேண்டிய வரி, இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. அதை மிச்சப்படுத்தப் போய் வீட்டையே விட்டார். 2025-26 நிதியாண்டு முதல் நிலைமை இன்னும் எளிது: புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடி போக, தொழில் வருமானத்துக்கு வரியே வராது. ஒரு ரூபாயும் மிச்சமாகாத இடத்தில் வருமானத்தை மறைத்து, தம் கடன் தகுதியைத் தாமே வெட்டிக்கொள்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். பிடிபட்டால், தவறாகக் காட்டிய வருமானத்துக்கான வரியைப் போல இருமடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கணக்குப் புத்தகம் எழுதாமல், மொத்த வரவில் குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்ட அனுமதிக்கும் உத்தேச வரி முறையும் இந்தத் தவறுக்கு ஒரு வழியாகிவிட்டது. தொழிலைப் பொறுத்து அது டிஜிட்டல் வரவில் 6 விழுக்காடாகவோ, வரவில் 50 விழுக்காடாகவோ இருக்கலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தகுதியுள்ள ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் அந்த விழுக்காடு குறைந்தபட்ச அளவு மட்டுமே. உண்மையில் அதைவிட அதிகம் ஈட்டியவர் அந்த அதிகத் தொகையைத்தான் காட்ட வேண்டும். செலவு மிகக் குறைவான நம் தொழிலில் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும். வீடு பார்க்கத் தொடங்கிய பிறகு பழைய ஆண்டுகளுக்குத் திருத்திய படிவங்களை ஒரே நாளில் தாக்கல் செய்வதும் உதவாது. கூடுதல் வரி கட்ட நேரிடும், வங்கிக்கும் சந்தேகம் வரும். வீடு வாங்கும் எண்ணம் தோன்றுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே படிவம் நேராக இருக்க வேண்டும் என்பதால், முதல் ஆண்டிலிருந்தே நேராக இருந்துவிடுவதுதான் ஒரே வழி.

வெளிநாட்டுப் பணத்தை உறவினர் கணக்கில் வாங்குவது

கூடவே கூடாது.

பதிவுச் செலவைக் கடனில் சேர்த்து எண்ணுவது

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மதிப்பில் முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் சேராது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு இவை இரண்டும் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு. அந்தக் கணக்கில் 48 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையிலிருந்து போட வேண்டியது 9 லட்சத்து 60 ஆயிரம் மட்டுமல்ல, ஏறக்குறைய 14 லட்சம்.

பாக்கியை வாய்மூடிப் பொறுப்பது

மத்திய அரசின் தொழில் பதிவு இணையதளமான உத்யமில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவு செய்த பின் ஒப்புக்கொள்ளும் வேலைகளுக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி இந்திய வாடிக்கையாளர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். இதை வாடிக்கையாளருக்கு அனுப்பும் கட்டணப் பட்டியலின் (இன்வாய்ஸ்) அடியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பித் தவணை தொடங்குவது

வருமானத்தில் பாதிக்கு மேல் ஓரிடத்திலிருந்தே வந்தால், கடன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

நல்ல மாதத்தை வைத்துத் தவணையை முடிவு செய்வது

நம் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். கடந்த இரண்டு ஆண்டுகளில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியில் கட்டக்கூடிய தொகையையே தவணையாக வையுங்கள். ஆறு மாதத் தவணையைத் தனியே வைப்புநிதியில் போடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆகவே பெரிய வேலை ஒன்று முடிந்து மொத்தமாகப் பணம் வரும்போது ஒரு பகுதியை அசலில் கட்டி, தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் குறைக்கும்படி கிளையில் எழுதிக்கொடுங்கள்.