பெட்டியைப் படித்துப் பரிசு வாங்காதீர்கள்: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பரிசு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொம்மையின் சாயத்தில் நஞ்சு இருக்கிறதா, எளிதில் தீப்பற்றுமா, உடைந்தால் கையைக் கிழிக்குமா என்று பார்ப்பதற்குப் பல நாடுகளில் கட்டாயச் சோதனைகள் உண்டு. ‘மூளை வளர்ச்சிக்கு’, ‘படைப்பாற்றலைத் தூண்டும்’ என்று அட்டைப் பெட்டியில் அச்சிடுவதற்கு அப்படி ஒரு சோதனையும் கிடையாது. அச்சகம் இருந்தால் போதும். ஆனாலும் 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைக்குப் பரிசு வாங்கப் போகும் பெரியவர்கள் பெரும்பாலும் அந்த வாசகங்களைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்கள். அந்த வாசகங்கள் எழுதப்பட்டதே அவர்களுக்காகத்தான். குழந்தை அவற்றைப் படிப்பதில்லை, பெட்டியைக் கிழிப்பதோடு சரி.

இதிலிருந்து கிளைக்கும் தவறுகளில் பெரியது, எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் பொருளை வாங்குவது. பொத்தானை அழுத்தினால் நாட்டின் தலைநகரைச் சொல்லும் உலக உருண்டை, கேள்வியையும் விடையையும் அதுவே ஒப்பிக்கும் பலகை, தானாக நடந்து தானாகத் திரும்பும் எந்திரன் ஆகியவை கடையில் கண்ணைப் பறிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு குழந்தைக்கு அவற்றோடு செய்ய ஒரே வேலைதான் மிஞ்சும்: பொத்தானை அழுத்துவது. எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தாகிவிட்டால் பொருளின் கதை முடிந்தது. வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பத்தாவது நாள் இந்தப் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? முதல் நாள் செய்ததையேதான் என்றால், எவ்வளவு விலையானாலும் அதை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இந்த விஷயத்தைப் பழைய கல்வியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் நகரில் இளஞ்சிறார்களுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபெல், தம் கற்பித்தல் கருவிகளுக்குச் சூட்டிய பெயரே ‘பரிசுகள்’ என்பதுதான். நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை, சிறு கட்டைகள் என்று வரிசையாகப் போகும் அவற்றில் பேசும் பொருளோ மின்னும் பொருளோ ஒன்றும் இல்லை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் இவற்றைக் கண்ட ஓர் அமெரிக்கத் தாய் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட். அந்த மேப்பிள் மரக் கட்டைகள் தம் விரல்களில் தங்கிவிட்டதை முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்தார். கட்டைகளைக் கொடுத்தால் பிள்ளை கட்டடக் கலைஞராகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே கட்டைகளை அடுக்கிய எத்தனையோ பிள்ளைகள் கணக்கர்களாகவும் கடைக்காரர்களாகவும் ஆகியிருப்பார்கள். தாமாக ஒன்றும் செய்யாத பொருள்தான் குழந்தையின் கைக்கு வேலை கொடுக்கிறது என்பதற்காக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

லெகோ கட்டைகளும் இந்த வகைதான். இன்றைய வடிவத்துக்கு 1958இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அன்று வார்த்த கட்டையோடு இன்று வாங்கும் கட்டையும் பொருந்தும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே ஒரு விண்கலத்தையோ கோட்டையையோ மட்டும் கட்டுவதற்கான தொகுப்பை வாங்கினால், குழந்தை கையேட்டைப் பார்த்துக் கட்டி முடித்ததும் பெரியவர்கள் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கையேட்டைப் பின்பற்றுவதும் ஒரு திறன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டியதைக் கலைக்க அனுமதி இல்லாத வீட்டில் அது வெறும் அலங்காரப் பொருள். முதல் முறை வாங்குகிறவர்கள் பொதுவான கட்டைகளும் சக்கரங்களும் கலந்த பெட்டியை எடுப்பது நல்லது. ஏற்கெனவே கட்டைகள் இருக்கும் வீடென்றால், எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே கூட்டிக் கொடுங்கள். எல்லா நிறுவனங்களின் கட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

அறிவியல் கருவிகள் விஷயத்தில்தான் ஏமாற்றம் மிக அதிகம். ‘1200 மடங்கு பெரிதாக்கும்’ என்று முழங்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கியை வாங்கிக் கொடுக்கிறோம். நுண்ணோக்கியின் திறம் மடங்குக் கணக்கில் இல்லை. லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. மட்டமான லென்ஸில் மடங்கைக் கூட்டக் கூட்ட, மங்கல்தான் பெரிதாகும். இன்னொன்றும் உண்டு. எட்டு வயதுக் குழந்தை எதைப் பார்க்க ஆசைப்படும்? எறும்பின் கால், உப்புப் பரல், சட்டைத் துணியின் இழை, தன் நகத்து அழுக்கு. இவை பெரும்பாலும் ஒளி எளிதில் ஊடுருவாத தடித்த பொருள்கள். அதிக மடங்கு நுண்ணோக்கிக்கோ, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் தேவை. அதை வெட்டித் தயார் செய்வது பெரியவர்களுக்கே எளிதல்ல. பொருளை மேலிருந்து ஒளியூட்டி, இரண்டு கண்களாலும் பார்க்கும் 20 முதல் 40 மடங்கு வரையிலான ஸ்டீரியோ நுண்ணோக்கி இந்த வயதுக்கு மிகப் பொருத்தம். அது கட்டுப்படியாகாவிட்டால் நல்ல கண்ணாடியில் செய்த 10 மடங்குக் கைலென்ஸ் போதும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு 2014இல் வெளியிட்ட காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பும் நல்ல தேர்வு. ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். குழந்தையே மடித்து உருவாக்க வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

தொலைநோக்கியிலும் இதே பித்தலாட்டம்தான். ஒரு தொலைநோக்கியின் அதிகபட்சப் பயனுள்ள உருப்பெருக்கம், அதன் முன் லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணை ஒட்டியே இருக்கும். 60 மில்லிமீட்டர் என்றால் 120 மடங்கு. அதுவும் வானம் தெளிவாக இருந்து, தாங்கி ஆடாமல் நின்றால்தான். பெட்டியிலோ 500 என்று போட்டிருக்கும். 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கலிலியோவிடம் இருந்தது சுமார் 20 மடங்குக் கருவிதான் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். குழந்தையின் முதல் வானக் கருவியாக நான் பரிந்துரைப்பது 7 அல்லது 8 மடங்குப் பைனாகுலர். நிலவின் பள்ளங்கள் தெரியும், பகலில் பறவைகளையும் பார்க்கலாம், ஆர்வம் வற்றினாலும் வீட்டில் யாருக்காவது பயன்படும். எதை வாங்கினாலும் அதைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கண் வைக்கும் முனையில் திருகி மாட்டும் ‘சூரிய வடிகட்டி’ ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் குழந்தையின் கைக்குப் போகும் முன்பே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். அந்த நொடியில் கண் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது வயது. ‘எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், 8 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால் 6 வயதிலேயே கொடுக்கலாம்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பெட்டியில் இருக்கும் வயது அறிவை மட்டும் அளப்பதில்லை. சிறு பாகங்கள், கூர்முனை, வேதிப்பொருள், சூடாகும் பகுதி ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் அதைக் குறிக்கிறார்கள். தவிர, பரிசு போய்ச் சேர்வது ஒரு குழந்தைக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. அங்கே இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருக்கலாம். நாணயம் போன்ற லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்னோட்டம் அங்குள்ள ஈரத்தில் காரத்தை உண்டாக்கி, இரண்டே மணி நேரத்தில் திசுவைக் கடுமையாக அரித்துவிடும். பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதைவிட மோசம், குன்றிமணி அளவில் இருக்கும் வலுவான நியோடிமியம் காந்த மணிகள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சுவரைத் துளைத்துவிடும். எவ்வளவு அழகான சிற்பம் செய்யலாம் என்று விளம்பரம் காட்டினாலும், உதிரிக் காந்த மணிகள் எந்தக் குழந்தைக்குமான பரிசு அல்ல. காந்தம் தட்டுக்குள் முழுமையாக மூடி வைக்கப்பட்ட கட்டட ஓடுகள் வேறு. அவை நல்லவைதான், ஆனால் தட்டு விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டும்.

வண்ணப் பொருள்களில் எண்ணிக்கை மயக்கம். 72 நிறங்கள் கொண்ட மலிவான பென்சில் பெட்டியில் நிறமியை விட மெழுகே மிகுதி. அழுத்தித் தேய்த்தாலும் நிறம் ஏறாது, சீவினால் முனை முறியும். குழந்தை தனக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தரமான 12 பென்சில்களைக் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று தீட்டி நிறங்களைக் கலக்கக் கற்றுக்கொள்ளும். நீர்வண்ணம் கொடுப்பவர்கள் தாளை மறந்துவிடுகிறார்கள். அச்சுக்குப் பயன்படும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் நீர் பட்டதும் தாள் சுருண்டு படமும் போய்விடும். 300 ஜிஎஸ்எம் தாளில் இருபது பக்கங்கள், இன்னொரு வண்ணப் பெட்டியை விட அதிகம் உதவும். இடக்கைக் குழந்தைக்குக் கத்தரி வாங்கினால் அலகுகள் மாற்றிப் பொருத்தப்பட்ட இடக்கைக் கத்தரியையே கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கத்தரியில் வெட்டும் கோடு அந்தக் குழந்தைக்கு மறைந்துவிடும்.

குழந்தை எதில் பின்தங்கி இருக்கிறதோ, அதையே பரிசாக வாங்குவது நல்ல எண்ணத்தில் பிறக்கும் கொடுமை. கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு விளையாட்டு, வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தடித்த புத்தகம். சுற்றியிருக்கும் தாளைப் பிரித்ததும், ‘உன் குறை எனக்குத் தெரியும்’ என்ற செய்தி முதலில் வந்து விழுகிறது. அந்தக் குழந்தை ஏற்கெனவே எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது என்று பெற்றோரிடம் கேளுங்கள். டைனோசர் என்றால் டைனோசர். அந்த வழியாகவே வாசிப்பும் வரும், அளவைகளும் வரும். புத்தகம் என்றால் வகுப்பை விட இரண்டு படி மேலே இருப்பதைத் தேடாதீர்கள். இன்பத்துக்காக வாசிக்கும்போது பெரியவர்களே எளிதானதைத்தான் எடுக்கிறோம். படக்கதைகளும் வாசிப்புதான்.

இதன் தொடர்ச்சியாக, கொடுத்த பிறகு நேரும் தவறு ஒன்று. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், சில நாள்கள் கழித்துத் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். முன்னறிவிப்பு இல்லாமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. அவர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். ஆனாலும் வாரம் ஒரு படம் வரைந்து காட்டினால் அடுத்த பெட்டி வாங்கித் தருகிறேன் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் பேரம் பேசும் சித்தப்பாக்களும் அத்தைகளும் கொஞ்சம் யோசிக்கலாம். என்ன கற்றுக்கொண்டாய் என்று தொலைபேசியில் விசாரிப்பதும் இதே ரகம்தான்.

செயலி இல்லாமல் இயங்காத பொம்மைகளைப் பற்றிச் சுருக்கமாக: நிறுவனம் தன் சேவையகத்தை நிறுத்தினால் பொம்மை ஊமையாகிவிடும். இணையத்தோடு பேசும் ‘கேய்லா’ என்ற பொம்மையை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று கூறி ஜெர்மனி 2017இல் தடை செய்தது. நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற குழந்தைகளுக்கான நிரல்மொழி இலவசமாகவே கிடைக்கிறது. 8 வயதுக்கு மேல் அது, அதற்குக் கீழே ஸ்கிராட்ச் ஜூனியர்.

பலகை விளையாட்டுகளில் பார்க்க வேண்டியவை இரண்டே. வீட்டில் உண்மையில் எத்தனை பேர் உட்கார்வார்கள்? ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும்? நால்வருக்கான ஒன்றரை மணி நேர ஆட்டம் ஒற்றைக் குழந்தை உள்ள வீட்டில் தூசிதான் சேர்க்கும். ஆறேழு வயதில் 20 நிமிடங்களைத் தாண்டாத, அதிர்ஷ்டமும் யோசனையும் கலந்த விளையாட்டு நல்லது. அதிர்ஷ்டம் கொஞ்சமும் இல்லாவிட்டால் அக்காவே எப்போதும் ஜெயிப்பாள், தம்பி பலகையைத் தட்டிவிடுவான்.

பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆண் குழந்தைக்குத் திருகாணி என்ற பிரிவினையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரே கருவிப் பெட்டியை இரண்டு நிறங்களில் விற்பது வியாபாரம். குழந்தைக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, வாங்கியதைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. பேட்டரி தனியாக வாங்க வேண்டுமா என்று பார்த்துச் சேர்த்து வையுங்கள். பசை, களிமண், வேதிப்பொருள் போன்று தீர்ந்துபோகும் பொருள்கள் தனியே கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தொகுப்பு ஒரு மாலைப் பொழுதுக்கானது, அந்த அளவுக்கு மட்டும் செலவழியுங்கள். டிரம் போன்ற சத்தம் போடும் பொருள், தரையெல்லாம் சிதறும் பொருள், உயிருள்ள மீன் ஆகியவற்றுக்குப் பெற்றோரின் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள். மாற்றிக்கொள்வதற்கான ரசீதை அவர்களிடம் தனியாகக் கொடுங்கள். குழந்தை அந்தப் பொருளைத் தொடவே இல்லை என்றால் வற்புறுத்தாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் ஆறு மாதம் என்பது நீண்ட காலம்.