வீடு மட்டும் மாறட்டும்: ஃபாஸ்டர் வீட்டுப் பூனைக்குட்டியைத் தத்தெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவிலிருந்து மீட்கப்பட்டாலும், ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தத்துக் கொடுக்கும்வரை தற்காலிகமாக வைத்து வளர்ப்பவர் வீட்டில், ஒரு மாதம் இருந்த குட்டிக்கு ஓர் ஒழுங்கு பழகியிருக்கும். நேரத்துக்குச் சாப்பாடு, மலம் மூத்திரம் போகப் பழகிய மணல், கட்டிப் புரளக் கூடப்பிறந்தவை எல்லாம் அங்கே உண்டு. தத்தெடுக்கும் நாளில் வீடு மாறுகிறது. அன்றே சாப்பாட்டையும் மணலையும் படுக்கையையும் சேர்த்து மாற்றிவிடுகிறோம். முதல் வாரத்து வயிற்றுப்போக்கும், கட்டிலுக்கடியில் வீசும் மூத்திர நாற்றமும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன.

அவசரம் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். “சின்னதா இருக்கும்போதே கொடுங்க, அப்பதான் ஒட்டிக்கும்” என்று ஐந்து வாரக் குட்டியைக் கேட்பவர்கள் நிறைய. குறைந்தது 8 வாரம் ஆகட்டும், 10 ஆனால் இன்னும் நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்தவற்றிடம்தான். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் இல்லாமல் வருவது உங்கள் கையைக் குதறும். வயதைச் சொல்லில் நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். சமையலறைத் தராசும் ஒரு டப்பாவும் போதும். மாதத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பது தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டி 800 முதல் 900 கிராம் இருக்கும். 500 கிராம்தான் என்றால் வயது தவறு, அல்லது உடம்பில் ஏதோ கோளாறு.

வீட்டில் எல்லோரும் காலையில் வேலைக்குக் கிளம்பி இரவுதான் திரும்புவீர்கள் என்றால், ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டாக எடுங்கள். தனிக் குட்டி திரைச்சீலையில் ஏறும், இரவு இரண்டு மணிக்குக் கால்விரலைக் கடிக்கும். ஒரு குட்டியைச் சமாளிப்பதைவிட இரண்டைச் சமாளிப்பது எளிது என்றால் யாரும் நம்புவதில்லை!

அட்டையைப் படிக்காமல் வாங்குவது

“ஊசி போட்டாச்சு” என்ற சொல் போதாது. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். மூன்று நோய்களுக்கான கூட்டு ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் தாய்ப்பால். அதில் வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் மிச்சம் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது அழித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். முதல் ஊசியோடு நிறுத்தினால் போட்டும் போடாத கதைதான். வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்துக்கு மேல். குடற்புழு மருந்து 8 வாரம்வரை இரண்டு வாரத்துக்கொரு முறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொல்வதே கணக்கு.

உங்கள் வீட்டில் இதற்கு முன் ஒரு குட்டி வாந்தியும் பேதியுமாகச் செத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். பூனைப் பார்வோ என்று சொல்லப்படும் பேன்லூகோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். பினாயில் அதற்கு ஈடுகொடுக்காது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லி. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு இந்தக் கரைசலை ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, அலசிக் காயவிட வேண்டும். அப்படியும் ஊசிகள் முடிந்த குட்டியைத்தான் கொண்டுவரலாம்.

கொண்டுவரும் வழி

பைக்கில் மடியில் வைத்து, துப்பட்டாவில் சுற்றி, துணிப்பையில் போட்டு என்று எதுவும் வேண்டாம். ஒரு ஹாரன் சத்தம் போதும், குட்டி சாலையில் இருக்கும். கூண்டுப் பெட்டி இல்லையென்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை, மூடியைக் கயிற்றால் கட்டி. உள்ளே ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்த துணி. அந்த வாசனையை எக்காரணம் கொண்டும் துவைத்துவிடாதீர்கள். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்கட்டும். கத்துகிறதே என்று ஆட்டோவில் மூடியைத் திறப்பவர்கள்தான் வழியில் குட்டியைத் தொலைப்பவர்கள்.

வந்ததும் கூடத்தில் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது அடுத்த தவறு. முதல் வாரம் ஒரே அறை போதும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் கையை விட்டு இழுக்காதீர்கள். தட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் தானாக வரும். ஜன்னல் கம்பிகளுக்கு ஒரே சோதனை: தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். நம் வீட்டுக் கிரில்கள் பெரும்பாலும் இதில் தோற்கும். புறாவுக்காக அடித்த நைலான் வலையைக் குட்டி கடித்து ஓட்டை போட்டுவிடும்; கம்பி வலைதான் சரி. வாஷிங் மெஷினை ஓட்டுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

ஃபாஸ்டர் வீட்டு மணல் எது என்று கேட்டு அதே வகையை வாங்குங்கள். அங்கே பயன்படுத்திய மணலில் ஒரு கைப்பிடி வாங்கிவந்து புதுத் தட்டில் தூவினால், எங்கே போக வேண்டும் என்று மூக்கே சொல்லிக்கொடுக்கும். மணல் தட்டு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சின்னக் குட்டி மணலைத் தின்று பார்க்கும், அதனால் ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணலை நான்கு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பாலும் தயிர்சாதமும்

பூனை என்றால் பால் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிக்காது; பேதியாகும், ஒரு கிலோகூட இல்லாத உடம்பில் நீர் வற்ற அரை நாள் போதும். தயிர்சாதம், பிஸ்கட், கைக்குழந்தை மாவு இவற்றில் வயிறு நிரம்பும், டாரின் என்ற சத்து கிடைக்காது. பூனைக்கு டாரின் இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். நாளடைவில் குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். பச்சை மீனே தினமும் போட்டால் வேறு சிக்கல்: பல மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். குட்டிகளுக்கென்றே உள்ள உணவு, நாளுக்கு நான்கு வேளை, கூடவே முள்ளும் எலும்பும் எடுத்த வேகவைத்த கோழியோ மீனோ கொஞ்சம். புது உணவுக்கு மாற்ற வேண்டுமென்றால் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சாதாரணமாகக் கிடக்கும் சிலதுதான் உயிரைக் குடிப்பவை. பினாயிலிலும் டெட்டாலிலும் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அவ்வளவுதான் தேவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தால் செத்துவிடும். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைக் குட்டிக்குப் போட்டால் வலிப்பு வரும்.

ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் முகம் பார்க்கவிடக் கூடாது. சண்டை ஒரு காரணம். நோய் இருந்தால் அது வெளிப்பட அவகாசம் வேண்டும் என்பது பெரிய காரணம். இடையே இரண்டும் படுத்த துணிகளை மாற்றிப் போட்டு, மூடிய கதவின் இரு பக்கமும் தட்டு வைத்துச் சாப்பிட விடுங்கள்.

கருத்தடையைத் தள்ளிப்போடுபவர்கள் பெரும்பாலும் “அண்ணன் தங்கச்சிதானே” என்பார்கள். பூனைக்கு அந்த முறையெல்லாம் கிடையாது. பெண்குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும்; ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும். நான்காம் மாதமே மருத்துவரிடம் நாள் கேளுங்கள்.

குட்டி 12 மணி நேரம் எதையும் தொடவில்லை, இரண்டு முறை வாந்தி, ஈறு வெளுத்திருக்கிறது, தொட்டால் உடம்பு சில்லென்றிருக்கிறது: இதில் எது ஒன்று என்றாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதைக் குட்டி வருமுன்பே தேடி வையுங்கள். உங்கள் மேல் குட்டியின் நகம் பட்டாலோ பல் பட்டாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள். அப்படியும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் மீன் சந்தையில் விட்டுவிட வேண்டாம். வளர்ப்புப் பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தத்து ஒப்பந்தத்தில், குட்டியைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல ஃபாஸ்டர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் எண்ணுக்குத்தான் முதல் போன்.