பழைய கேமிங் கம்ப்யூட்டருக்கு எதை முதலில் மாற்றுவது?

கோடை லீவுக்கு வந்த அக்கா மகன் இரண்டு நாள் விளையாடிவிட்டு, "மாமா, வீட்ல கிரைண்டர் ஓடுற மாதிரியே இருக்கு" என்றான். சத்தத்தைச் சொன்னானா, வேகத்தைச் சொன்னானா தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்தும். 2018 தீபாவளி போனஸில் அசெம்பிள் செய்த மெஷின் அது. ரைசன் 5 2600 புராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரே அடியாகப் புது மெஷின் வாங்க வசதியில்லை. அதனால் ஒவ்வொன்றாக மாற்றினேன். உங்களிடமும் இந்த வயதுக் கம்ப்யூட்டர் இருந்தால் நான் போன வழி உதவும்.

கடைக்குப் போகும் முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, எது திணறுகிறது என்று பாருங்கள். கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். 95-க்கு மேலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது. புராசசர் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல கேம்கள் புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் சிலவற்றைத்தான் கசக்கிப் பிழியும், அதனால் மொத்தக் கணக்கில் 40 என்று காட்டும்போதே புராசசர் திணறிக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, எகிறினால் கார்டு குற்றவாளி, அசையவே இல்லை என்றால் புராசசர். எனக்கு ஃபோர்சா ஹொரைசன் 5-ல் கார்டு 98-ல் நின்றது. வேலோரன்ட்டில் 720-க்கு இறக்கியும் ஃபிரேம் அப்படியே இருந்தது. ஆக இரண்டுமே மாற வேண்டும், கார்டு முதலில்.

மானிட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். 144 ஃபிரேம் வாங்கக் காசு கொட்டினாலும் கண்ணுக்குப் பாதிகூட வந்து சேராது.

சரி, கார்டு வாங்கலாம் என்று பெரம்பூரிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எல்லா பாகத்துக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்தேன். நல்லவேளை. கேபினெட்டோடு சேர்ந்து வந்த அந்தப் பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 216 வாட். புராசசரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் காட்டியது. நான் நினைத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு மட்டும் 132 வாட். 65 வாட் என்று பெயர் போட்ட ரைசன் முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தாலே 220. ஃபேன், டிஸ்க் எல்லாம் அதற்கு மேல்.

அதனால் முதல் செலவு எஸ்எம்பிஎஸ். 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். ஐந்து வருட வாரண்டி. 80 பிளஸ் முத்திரை கரன்ட்டை வீணாக்காமல் இருப்பதற்கான சான்று மட்டும்தான், உள்ளே போட்டிருக்கும் சாமானின் தரத்துக்கு அது பொறுப்பேற்காது. கார்டுக்கான 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கார்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்னொரு கடையில் விலை கம்மி, மாடலும் புதுசு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை நீட்டினார்கள். அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவது நாலே லேனில், அதாவது நாலே தகவல் பாதையில். கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐ 4.0 தலைமுறையாக இருக்கும் போர்டில் ஓரளவு சமாளிக்கும். நம் பி450 போன்ற 3.0 போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகி, 4 ஜிபி மெமரி நிரம்பும்போதெல்லாம் தடுக்கி விழும். 6600-க்கு எட்டு லேன், 8 ஜிபி. 3.0 போர்டில் பெரிய இழப்பு இல்லை. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபேன் ஆடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ரேமுக்கு வருவோம். ஒரே ஸ்டிக் என்றால் ஒற்றைச் சேனல், புராசசருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரே பாதை, கையைக் கட்டிப்போட்ட மாதிரி. இரண்டு 8 ஜிபி ஸ்டிக் ஜோடியாக, புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில். அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்), ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போட மறந்தால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2400-ல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதில், டிடிஆர்5 என்ற அடுத்த தலைமுறை ரேம் கேட்கும் புது போர்டுக்குத் தாவும் யோசனையை நான் கைவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போடுங்கள், அவ்வளவுதான். சில போர்டுகளில் அதை எம்.2 ஸ்லாட்டில் மாட்டினால், டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா முனைகள் இரண்டு அணைந்துவிடும், போர்டு கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் புராசசர். பி450 போர்டில் புராசசரைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதி, 2018 போர்டிலேயே 2022-ல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். ஆனால் பழைய புராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம். எங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு, யுபிஎஸ்ஸிலும் மாட்டிக்கொண்டு செய்தேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன், புராசசர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரில் கோட்டை விட்டேன். ஸ்க்ரூவைக் கழற்றி நேராக மேலே இழுத்தேன். "டக்" என்று ஒரு சத்தம். கூலரின் அடியில் புராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய ஏழு வருடப் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருந்தது. ஏஎம்4-ல் புராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி கிடையாது. 1331 கால்களில் இரண்டு சாய்ந்துவிட்டன. ஈயக்குச்சியை எடுத்துவிட்ட மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் காலை நுழைத்து, மூச்சுவிடாமல் நிமிர்த்தினேன். நீங்கள் இந்தச் சர்க்கஸ் செய்யத் தேவையில்லை. கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினால் தானே விட்டுக்கொடுக்கும்.

ஒன்று மட்டும். உங்களுடையது டிடிஆர்3 ரேம் போட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 காலத்து மெஷின் என்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் புராசசர்களை ஏற்பதில்லை. அதில் கார்டுக்குப் பணம் போட எனக்கு மனசு வராது.

கழற்றிய 1050 டிஐ அக்கா வீட்டுக்குப் போகிறது. என்னுடைய மாடலுக்குத் தனி கேபிள் வேண்டாம், ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டே போதும். அவர்கள் கேபினெட் ஒல்லி. உள்ளே எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பையன் இன்னும் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருக்கிறான்.