கிளட்சை விட்டதும் பின்சக்கரம் ஏன் வழுக்குகிறது?

மழை விட்டதும், மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்ற மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிங்கப்பூரின் சிலேத்தார் விரைவுச்சாலையில் எனக்கு முன்னால் போனவர் என்னோடு வேலை செய்யும் தம்பி. சின்ன மோட்டார்சைக்கிள்களுக்கான 2பி உரிமம் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. உட்லண்ட்ஸ் பக்கம் இறங்கும்போது சிவப்பு விளக்கைப் பார்த்தவர், டக் டக்கென்று இரண்டு கியர் கீழே தட்டிவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டார். காய்ந்த சாலையாக இருந்தால் டயர் கீச்சிட்டிருக்கும். ஈரத்தில் சத்தமே இல்லை. வண்டியின் வால் மட்டும் ஒரு சாண் வலப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. விளக்கில் நின்றதும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "அண்ணே, பின் பிரேக்கை நான் தொடவே இல்ல. எப்படி லாக் ஆச்சு?"

பச்சை விளக்கு வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது பிரேக் இல்லை, என்ஜின். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் 4ஆம் கியரில் போகிறீர்கள், என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் 3ஆம் கியருக்கு வந்தால் அது சுமார் 6,200 சுற்று சுற்றியாக வேண்டும். 2ஆம் கியர் என்றால் 8,000ஐத் தொடும். வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். இப்போது ஆக்சிலேட்டரை மூடி, கிளட்சைப் பிடித்திருக்கிறீர்கள், அதாவது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. என்ஜின் சும்மா இருக்காது, சுற்று இறங்கிக்கொண்டே போய் 1,400, 1,500க்கு வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கிளட்சை விட்டால் 1,500க்கும் 8,000க்கும் உள்ள இடைவெளியை யார் நிரப்புவது? பின் டயர்தான். தார்ச்சாலையைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி வழியாக, என்ஜினை அதுதான் சுற்றிவிட வேண்டும். பிடிப்பு போதவில்லை என்றால் சக்கரம் சாலையின் வேகத்துக்குச் சுற்றாமல் இழுபடும், இல்லையென்றால் தத்தித் தத்திக் குதிக்கும்.

ஆகவே முதல் தவறு, எல்லோரும் சொல்வது போல வேகமாகக் கியரைக் குறைப்பது மட்டும் இல்லை. கிளட்சை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே உருண்டு வந்து, கடைசியில் சட்டென்று விடுவதுதான் என்னைக் கேட்டால் அதைவிட மோசம். விளக்கு தூரத்தில் சிவந்ததுமே கிளட்சைப் பிடித்துவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் என்ஜின் சுற்று இறங்கி, அந்த இடைவெளி அகலமாகிறது.

மருந்து எளிது, கைக்குப் பழக்கம்தான் வேண்டும். கிளட்சைப் பிடித்து, ஒரு கியர் தட்டி, அதே மூச்சில் ஆக்சிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி விட வேண்டும். இதைத்தான் பிளிப் என்பார்கள். என்ஜின் 'ர்ரூம்' என்று ஏறும், அது இறங்குவதற்குள் கிளட்சை விட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்குள். என்ஜினின் சுற்றும் சக்கரம் கேட்கும் சுற்றும் ஒன்றாக இருந்தால் கியர் மாறியதே உடம்புக்குத் தெரியாது. மிகக் கொஞ்சமாக முறுக்கினால் போதும். கூட முறுக்கினால் வண்டி முன்னால் பாயும். இரண்டு விரலால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே உள்ளங்கையால் பிளிப் செய்வது அடுத்த படி, அதற்குச் சில மாதம் ஆகும். அதுவரை கிளட்சை அது கவ்வத் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மெல்ல விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது, அந்தத் தம்பி செய்தது போல இரண்டு கியரைச் சேர்த்துத் தட்டிவிட்டு ஒரே தடவையாகக் கிளட்சை விடுவது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு முறை கிளட்ச் வெளியே வரட்டும். அதற்கு முன் பிரேக்கால் வேகம் குறையட்டும். வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. அப்போதிருக்கும் வேகத்துக்கு ஏற்ற கியரில் நிற்பதுதான் கியரைக் குறைப்பதன் வேலை. 1ஆம் கியரை இன்னும் பத்திரமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் 2க்கும் 1க்கும் இடையில்தான் பெரும்பாலும் பெரிய தாவல். நடை வேகத்துக்குக் கிட்ட வந்த பிறகு போட்டால் போதும்.

முன் பிரேக்கை அழுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் சாலையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கையும் மிதித்து, கிளட்சையும் பட்டென்று விட்டால், இருக்கிற கொஞ்சப் பிடிப்பையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது இப்படிச் செய்தால் வளைவும் தன் பங்கைக் கேட்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே கியரை முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையின் எண்ணெய்ப் படலம் மேலே மிதந்து வரும். சாலையில் வரைந்த வெள்ளை அம்புக்குறி, சாக்கடை மூடி, கட்டடப் பணி நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடு இவற்றின் மேல் போகும்போது கியரைக் குறைத்துக் கிளட்சை விடாதீர்கள்.

"என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கே" என்று சொல்பவர்களிடம் நான் பொறுமையாக உட்கார்ந்து பேசுவேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஏபிஎஸ் சக்கரம் நிற்கப் போவதை உணர்ந்தால் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தும். அவ்வளவுதான் அதனால் முடியும். சக்கரத்தைப் பிடித்திருப்பது என்ஜின் என்றால் தளர்த்துவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. இதற்கென்றே இருப்பது ஸ்லிப்பர் கிளட்ச். பின்சக்கரம் என்ஜினை வேகமாகத் தள்ளும்போது கிளட்ச் தட்டுகளைக் கொஞ்சம் நழுவவிடும் அமைப்பு அது. யமஹா ஆர்15இல் மூன்றாம் தலைமுறையிலிருந்து வருகிறது. இருந்தால் நல்லது. ஆனால் அது அதிர்ச்சியைக் குறைக்குமே தவிர, ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டாது.

கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்கிளட்ச் இல்லாத வண்டிகளில் கியர் மிதியே கிளட்சையும் சேர்த்துத் திறக்கிறது. மிதியைத் தட்டியதும் காலை எடுத்துவிட்டால், கிளட்சைப் பட்டென்று விட்டதற்குச் சமம். மிதியை அழுத்தியபடியே வைத்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, காலை மெல்லத் தூக்குங்கள்.

சரி, எல்லாம் தெரிந்தும் ஒரு நாள் வால் ஆடிவிட்டது. அப்போது கை செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளட்சைத் திரும்பப் பிடிப்பது. பிடித்த கணமே சக்கரம் விடுதலையாகிச் சுற்றத் தொடங்கும். பயந்து பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். பார்வை போக வேண்டிய திசையில் இருக்கட்டும். முன்னால் ஒரு கார் திடீரென்று நின்று இ-பிரேக், அதாவது அவசர பிரேக், போட வேண்டி வந்தால் கியரை மறந்துவிடுங்கள். கிளட்சைப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்துங்கள். கியரை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பியை ஒரு ஞாயிறு காலை லிம் சூ காங் சாலைக்குக் கூட்டிப்போனேன். விமானப்படை பயிற்சிக்காக ஓடுபாதையாக மாற்றியிருக்கிற அளவுக்கு நேரான சாலை. கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மணிக்கு 40 கிலோமீட்டரில், 3லிருந்து 2, மறுபடி 3, மறுபடி 2. முதல் அரை மணி நேரம் அவர் வண்டி தலையாட்டிக்கொண்டே போனது. அப்புறம் சத்தம் மாறியது, 'ர்ரூம்' வந்த அதே நொடியில் கிளட்சும் வந்து சேர்ந்தது.

கற்றுக்கொண்டாரா என்று பார்க்க ஒரே சோதனைதான். மூன்று வாரம் கழித்து அவர் பின்னால் நானே ஏறி உட்கார்ந்தேன். கிளட்சைப் பட்டென்று விட்டால் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் ஓட்டுபவரின் ஹெல்மெட்டில் 'டொக்' என்று முட்டும். மண்டாய் சாலை முழுக்க ஒரே ஒரு முறைதான் முட்டியது.