கொடை நோட்டீஸை அச்சுக்கு அனுப்பும் முன்

கோயில் கொடை விழாவுக்குக் கால்நாட்டு நாள் குறித்ததுமே, ஊரில் லேப்டாப் வைத்திருக்கும் பையனைத் தேடி வந்துவிடுவார்கள். "தம்பி, நோட்டீஸை நீயே டிசைன் பண்ணிரு, சிவகாசிக்கு அனுப்பிரலாம்." டிசைன் பண்ணுவது பெரிய காரியமில்லை, திரையில் பார்த்தது அப்படியே தாளில் வருவதில்தான் வம்பு. பிரஸ்ஸில் யாரும் நம் ஃபைலை வரிவரியாக வாசித்துத் திருத்த மாட்டார்கள், வந்ததை பிளேட் (அச்சுத் தகடு) போட்டு ஓட்டிவிடுவார்கள்.

வேலை தொடங்கும் முன் பிரஸ்ஸுக்கு ஒரு போன் போடுங்கள். வெட்டிய பிறகு நோட்டீஸ் என்ன அளவு, என்ன தாள், ஃபைல் எப்படி வேண்டும் என்று கேளுங்கள். "டெம்மியில் எட்டில் ஒண்ணு" என்று தாள் அளவின் பெயரைச் சொன்னால் அதோடு விடாமல், மில்லிமீட்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணி நிறம் நீண்டிருக்க வேண்டும், இதைத்தான் ப்ளீட் என்பார்கள். ஏ4 என்றால் 210க்கு 297 இல்லை, 216க்கு 303. கட்டுக் கட்டாக வெட்டும்போது கத்தி இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாமல் இருக்கத்தான் இது. எழுத்தெல்லாம் வெட்டும் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடாதீர்கள், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்து மானத்தை வாங்கிவிடும். கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள் என்பதையும் நினைவில் வைத்து மூலையைக் காலியாக விடுங்கள்.

சாமி படம் எப்படியும் வாட்ஸ்அப்பில்தான் வரும். சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி நீளவாக்கில் ஏறத்தாழ 1600 பிக்சல்தான் இருக்கும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால், அந்தப் படம் ஐந்தே கால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. போட்டோஷாப்பில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் 72ஐ 300 என்று மாற்றிப் போட்டால் எண்தான் மாறும், படம் தெளியாது. சந்தனக்காப்பு அலங்காரத்தைப் படம் எடுத்தவரையே பிடித்து, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறத்தை முதலிலேயே சிஎம்ஒய்கேவில், அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கில் வையுங்கள். திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் மங்கித்தான் வரும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீலத்துக்கு சயானும் மெஜந்தாவும் 100, 100 என்று வைத்தால் கத்தரிப்பூ நிறம் ஆகிவிடும், மெஜந்தாவை 70க்குக் கீழே இறக்குங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். இல்லையென்றால் பிளேட் கொஞ்சம் விலகினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். பெரிய இருட்டுப் பரப்பில் நான்கு மையின் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும்.

இனி எழுத்துரு. நம் ஆட்களின் கண்ணீரெல்லாம் இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்தாலும் நிம்மதி இல்லை. போட்டோஷாப்பில் இந்திய மொழிக்கான அமைப்பு இயங்காவிட்டால் 'கொடை'யின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், 'ஸ்ரீ' உடைந்து போகும். விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இன்டிசைனில் பத்திக்கான பேனலில் அது இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு எழுத்து முழுவதையும் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிடுங்கள், அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் சிதறாது. ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவும் முடியாது, அதனால் கர்வ்ஸ் ஆக்காத மூலத்தைத் தனிப் பெயரில் சேமித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அடர்நிறப் பின்னணியில் 8 பாயின்டுக்கும் குறைவாக வெள்ளை எழுத்துப் போடாதீர்கள், சுழியெல்லாம் மையில் அடைந்துபோகும்.

கர்வ்ஸ் ஆக்கும் முன்னால் பெயர்களைச் சரிபாருங்கள். கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பட்டியலை ஒருவர் சத்தமாக வாசிக்க, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளம் எந்த நேரம் என்பதை மாற்றி அடித்தால்கூட மன்னித்துவிடுவார்கள், "எங்க ஐயா இன்சியலை எங்கலே?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் கொடை முடியும்வரை அதே பேச்சுத்தான்.

அனுப்பும்போது பிடிஎஃப் ஒன்று, பிரஸ் கேட்டால் அவர்களிடம் உள்ள பழைய வெர்ஷனில் சேமித்த கோரல்டிரா ஃபைல் ஒன்று, இரண்டையும் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். அவர்கள் காட்டும் ப்ரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரி) போனில் பார்த்து நிறத்தை எடைபோடாதீர்கள், எழுத்தையும் அளவையும் மட்டும் பாருங்கள். சரி என்பதை எழுத்தில் அனுப்புங்கள். ஆடிப் பதினெட்டுக்கு மேல் சிவகாசியில் காலண்டர் வேலை சூடுபிடித்துவிடும், அந்தச் சமயத்துக் கொடை என்றால் கூடுதலாகப் பத்து நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மறு வருடம் அதே ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊரில் கொடை எப்போதும் செவ்வாய்தான் என்பதால் கிழமையை யாரும் பார்க்கவில்லை, ஆங்கிலத் தேதியை மாற்றிய நான் தமிழ்த் தேதியை விட்டுவிட்டேன். ஆயிரம் நோட்டீஸிலும் சித்தப்பாவும் நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேனாவால் திருத்தினோம்.