எண்ணைப் பார்த்து ஊருக்குப் போங்கள்

என்னிடம் வாசிக்கத் தரப்படும் அரசறிவியல் ஆய்வேடுகளில் ‘கலப்பு முறை’ என்று, அதாவது எண் தரவும் நேர்காணலும் சேர்ந்த ஆய்வு என்று, எழுதியிருக்கும். உள்ளே போனால் ஓர் அத்தியாயம் அட்டவணைகள், அடுத்தது நேர்காணல்கள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு முறையில் கிடைத்த விடைதான் அடுத்து எந்த ஊருக்குப் போவது, யாரிடம் என்ன கேட்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

நம்மிடமே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. 2020 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டத்தில் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. 2024இல் ஒருவர் தெரிவானார். பக்கத்து மட்டக்களப்பிலோ தமிழரசுக் கட்சியின் ஆசனங்கள் 2இலிருந்து 3 ஆயின. ஏன் இந்த வேறுபாடு? 1961 வரை ஒரே மாவட்டமாக இருந்த நிலம், ஒரே தேர்தல் முறை. ஒப்பிட இதைவிடப் பொருத்தமான சோடி வேண்டுமா?

முதலில் எண்கள். பாராளுமன்ற முடிவுகள் தேர்தல் தொகுதி வாரியாகக் கிடைக்கும். தபால் வாக்குகள் தனி நிரையில் வரும், அவற்றை எந்தத் தொகுதியோடும் கூட்டாதீர்கள். திகாமடுல்லவின் பொத்துவில் தொகுதியில் தமிழர் வாழும் திருக்கோவிலும் இருக்கிறது, முஸ்லிம்கள் அதிகம் வாழும் அக்கரைப்பற்றும் இருக்கிறது. அந்தத் தொகையை வைத்துத் தமிழர் இப்படி வாக்களித்தனர், முஸ்லிம்கள் அப்படி வாக்களித்தனர் என்று எழுதினால் அது ஊகம்தான். கீழே இறங்க வழி உண்டு: 2018, 2025 உள்ளூராட்சித் தேர்தல்களின் வட்டார முடிவுகளை எடுத்து, குடிசன மதிப்பீட்டின் கிராம சேவகர் பிரிவுத் தரவோடு பொருத்திப் பாருங்கள். தேர்தல் வேறு என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இனி எந்த ஊர்? 2005இல் எவான் லீபர்மன் என்ற அரசறிவியலாளர் இதற்கு ஓர் ஒழுங்கு சொன்னார். எண்கள் தரும் விளக்கம் திருப்தியாக இருந்தால், அதற்குப் பொருந்திய இடத்துக்குப் போய் அதைச் சோதியுங்கள். திருப்தி இல்லையென்றால், விலகி நிற்கும் இடத்தையும் சேர்த்து எடுத்துப் புதிய விளக்கம் தேடுங்கள். தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக ஊரைத் தெரிவு செய்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் போகாதீர்கள். யாருக்கும் நேரம் இராது. ‘யாருக்குப் போட்டீர்கள்?’ என்று கேட்க வேண்டாம். யாரோடு வாக்களிக்கப் போனீர்கள், எந்த வேட்பாளர் வீட்டுக்கு வந்தார், விருப்பு வாக்கு இலக்கத்தை (கட்சிப் பட்டியலில் வேட்பாளருக்குரிய எண்) யார் சொன்னார் என்று கேளுங்கள். கட்சி ஊருக்குள் எந்த வழியாக வந்தது என்பதை வாக்கு எண்ணிக்கை ஒருநாளும் சொல்லாது.

வேட்புமனுப் பட்டியல்களையும் எடுத்து வையுங்கள். 2020இல் தமிழரசுக் கட்சியின் பட்டியலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மற்றக் கட்சிகளும் நின்றன. 2024இல் இந்த இரு மாவட்டங்களிலும் தமிழரசு தனித்து நின்றது. பெயர் ஒன்றுதான், போட்டியிட்டவர்கள் வேறு. இதைக் கவனித்ததும் அட்டவணையைத் திருத்த வேண்டிவரும். திருத்துங்கள்.

ஊரில் கேட்டதும் எண்ணும் முரண்பட்டால் எதையும் ஒளிக்காதீர்கள். 2020இல் திகாமடுல்லவில் முன்னாள் புலித் தளபதி கருணாவின் அணி தனியாக நின்று வாக்கைப் பிரித்ததுதான் காரணம் என்று பலர் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த அணிக்கு அதிகம் விழுந்த தொகுதிகளில் தமிழரசின் வாக்கு 2015ஐவிடக் குறைந்ததா என்று மீண்டும் அட்டவணைக்குப் போங்கள். குறையாவிட்டால், அந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த நேர்காணலின் முதல் கேள்வி.