சந்தைக் கோழியைப் பழைய கோழிகளோடு சேர்க்கும்போது

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். கொத்துப்படுவது இரண்டாவது கவலைதான், முதல் கவலை வெள்ளைக் கழிச்சல் என்ற கொடிய தொற்றுநோய். பார்க்கத் தெளிவாக இருக்கும் கோழிகூட நோயைச் சுமந்து வந்திருக்கலாம். 3 வாரமாவது தள்ளி ஓரிடத்தில் அடைத்து வையுங்கள். தண்ணீர்த் தட்டும் தனியாக இருக்கட்டும். பழைய கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே புதுசு பக்கம் போங்கள். இறக்கைக்கு அடியில் செல் என்ற சின்னப் பூச்சி, பேன் இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். தடுப்பூசி பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே பகலில் நிழலாகப் பார்த்து ஒரு வாரம் புதுக் கோழியைப் பஞ்சாரத்தில், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் இடைவெளி விட்டுப் பின்னிய கூடையில், கவிழ்த்து வையுங்கள். ஒன்றையொன்று பார்த்துப் பழகும், பாய்ந்து கொத்த முடியாது. இருட்டியதும் கூண்டில் விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பஞ்சாரப் பழக்கம் இல்லாமல் அதை மட்டும் செய்தால் விடிந்ததும் சண்டைதான். பழகிய பிறகு இரவில் சேர்த்து, காலையில் சீக்கிரமே திறந்து விடுங்கள். நெருக்கடியில்தான் அடி பலமாக விழும்.

ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது. தீனியையும் தண்ணீரையும் 2, 3 இடங்களில் வையுங்கள். தலையில் நாலு கொத்து விழுவது சகஜம், யார் பெரியவள் என்று அவையே முடிவு செய்துகொள்ளும். ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் அங்கேயே கொத்தும். காயம் ஆறிய பிறகு மறுபடி பஞ்சாரத்திலிருந்து தொடங்கலாம்.